ஊர்ப் படவிழாவுக்குச் சினிமாக்காரர்களை அழைக்கப் போகிறீர்களா?

அரங்கம் பிடிக்க, புரொஜெக்டர் வாடகை பேச, நன்கொடை ரசீது அடிக்க எல்லா ஊரிலும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சென்னையிலிருந்து ஓர் இயக்குநரையோ எடிட்டரையோ வரவழைத்து, மேடையேற்றி, முகம் கோணாமல் திருப்பி அனுப்புவது எப்படி என்று கேட்டால்தான் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். தென்மாவட்ட ஊர் ஒன்றில், சேர்ந்த நன்கொடையிலும் ஒரு கல்லூரியின் ஒத்துழைப்பிலும் படவிழா நடத்திப் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாகத் தருகிறேன். உதாரணங்கள் நெல்லைப் பக்கத்தவை. கும்பகோணத்திலோ தருமபுரியிலோ நடத்துபவர்கள் ரயில் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. என்ன வேலைக்கு அழைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்

குழு கூடியதும் எல்லோரும் பெயர்களைத்தான் சொல்வார்கள். "அவரைக் கூப்பிடலாம், இவரைக் கூப்பிடலாம்" என்று ஒரு மாலை முழுக்க ஓடிவிடும். பெயரை ஓரமாக வைத்துவிட்டு, வேலையை எழுதுங்கள். தொடக்க விழாவில் பேச ஒருவர், படம் முடிந்ததும் பார்வையாளரோடு உரையாட ஒருவர், மாணவர்களுக்கு அரை நாள் பயிலரங்கு எடுக்க ஒருவர், குறும்படப் போட்டிக்கு நடுவர். நான்கும் நான்கு விதமான ஆட்களைக் கேட்கும். தொடக்க விழாவுக்கு முகம் தெரிந்தவர் வேண்டும், கூட்டம் சேர வேண்டுமே. பயிலரங்குக்கு முகம் தேவையில்லை, சொல்லித்தரத் தெரிந்தால் போதும்.

என் அனுபவத்தில் மாணவர்கள் அசையாமல் உட்கார்ந்து கேட்டது எடிட்டர்கள், ஒலி வடிவமைப்பாளர்கள், கலை இயக்குநர்கள் எடுத்த வகுப்புகளைத்தான். அவர்களை மேடைக்கு யாரும் அதிகம் கூப்பிடுவதில்லை. அதனால் கூப்பிட்டால் வருகிறார்கள், தயாரித்துக்கொண்டும் வருகிறார்கள்.

உங்கள் மாவட்டத்தில் பிறந்து சினிமாவில் வேலை பார்ப்பவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் போட்டு வையுங்கள். கோவில் கொடைக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வரும் இணை இயக்குநர், கலர் கிரேடிங் செய்பவர், உடை வடிவமைப்பாளர் என்று விசாரிக்க விசாரிக்க ஆட்கள் கிடைப்பார்கள். பயணச் செலவு பாதியாகும். ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்விக்கு அவரால் ஊர்ப் பேச்சிலேயே பதில் சொல்லவும் முடியும்.

2. தேதி

நவம்பர் 20 முதல் 28 வரை கோவாவில் இந்திய சர்வதேசத் திரைப்பட விழா நடப்பது வழக்கம். டிசம்பரில் திருவனந்தபுரம், அதே மாதம் சென்னை. நல்ல சினிமா பேசுகிற ஆட்களில் பாதிப்பேர் அந்த நாட்களில் அங்கேதான் இருப்பார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய ஒரு மாதம் எடிட்டர், ஒலிக்கலவைக்காரர் யாரும் ஸ்டூடியோவை விட்டு நகர மாட்டார்கள். ஏப்ரலிலும் நவம்பரிலும் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வு, மாணவர் கூட்டம் சேராது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையையும் கணக்கில் வையுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனது நம் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது.

இதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவதில் வசதியானவை ஜனவரிக் கடைசி, பிப்ரவரி, அப்புறம் ஜூலை, ஆகஸ்ட். சனி, ஞாயிறாக வையுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அதற்குள் விருந்தினர் சம்மதித்திருக்க வேண்டுமானால், பேச்சைத் தொண்ணூறு நாளுக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.

3. தொடர்புகொள்வது

நேரடி எண் கிடைத்தாலும் எடுத்த எடுப்பில் போன் அடிக்காதீர்கள். படப்பிடிப்பில் இருப்பார்கள், எடுக்க மாட்டார்கள், பிறகு உங்கள் எண்ணைப் பார்த்தாலே எடுக்க மாட்டார்கள். முதலில் வாட்ஸாப்பில் ஒரு செய்தி, அதற்கு ஒரு வாரம் கழித்து நினைவூட்டல், பிறகு அழைப்பு. எண் கிடைக்காதபோது அவரவர் சங்க அலுவலகத்தை நாடலாம். இயக்குநர், ஒளிப்பதிவாளர், எடிட்டர், எழுத்தாளர் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் சென்னையில் சங்கம் உண்டு. உதவி இயக்குநர் வழியாகப் போவது எல்லாவற்றையும் விட வேகமானது. சாரிடம் எப்போது பேசினால் காரியம் நடக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

செய்தி இப்படி இருக்கட்டும்:

"வணக்கம் சார். திருநெல்வேலியில் நாங்கள் நடத்தும் படவிழா பிப்ரவரி இரண்டாவது சனி, ஞாயிறு. ஞாயிறு காலை 10.30க்கு உங்கள் படம் திரையிட்டு, 1 மணி முதல் 1.45 வரை பார்வையாளர்களோடு நீங்கள் உரையாட வேண்டும் என்று விரும்புகிறோம். சுமார் 150 பேர் இருப்பார்கள், பாதி கல்லூரி மாணவர்கள். ரயில் இரண்டடுக்கு ஏ.சி. போகவர, ஒரு இரவு தங்கல், மதிப்பூதியம் 10,000 ரூபாய் எங்களால் முடியும். மேடையில் வேறு நிகழ்ச்சி கிடையாது. இந்த மாதம் 20க்குள் சொன்னால் டிக்கெட் போட வசதியாக இருக்கும்."

இதில் நாள், மணி, கூட்டம், பணம், கெடு எல்லாம் இருக்கின்றன. "தாங்கள் வருகை தந்து சிறப்பிக்க வேண்டும்" என்று முழுப் பக்கக் கடிதம் அனுப்பினால், எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்குப் புரியாது. "பார்க்கலாம்" என்று பதில் வரும். சினிமாவில் "பார்க்கலாம்" என்றால் இல்லை என்றுதான் பொருள் கொள்ளுங்கள். "டேட் பார்த்துச் சொல்றேன்" என்றால் வாய்ப்பு உண்டு.

ஒவ்வொரு வேலைக்கும் மாற்று ஆள் ஒருவரை மனதில் வையுங்கள். கால்ஷீட் மாறினால் முதல் நாள் இரவுகூட வர முடியாது என்பார்கள். அது அவர்கள் தொழில், அதற்காகக் கோபித்துக்கொள்வதில் அர்த்தமில்லை. ஒரே பெரிய பெயரை நம்பி விழா முழுவதையும் கட்டாதீர்கள், அவ்வளவுதான்.

4. இயக்குநர் சம்மதித்தார், படம்?

புதிதாக விழா நடத்துபவர்கள் அதிகம் விழும் குழி இது. இயக்குநர் "தாராளமா போடுங்க" என்பார், மனமாரத்தான் சொல்வார். ஆனால் படத்தின் உரிமை தயாரிப்பாளரிடம் இருக்கும், அல்லது அவர் யாருக்கு விற்றாரோ அவரிடம் இருக்கும். தயாரிப்பு நிறுவனத்திடமிருந்து, எந்த ஊர், எந்த அரங்கம், எந்த நாள், எத்தனை காட்சி, கட்டணமில்லாக் காட்சியா என்பதெல்லாம் குறிப்பிட்ட அனுமதி மின்னஞ்சலையாவது வாங்கிவிடுங்கள். ஓ.டி.டி.யில் இருக்கிறது, சந்தா கட்டியிருக்கிறோம் என்று அதிலிருந்தே அரங்கில் ஓட்டுவது கூடாது. அந்தச் சந்தா வீட்டில் பார்ப்பதற்கு. இயக்குநரை மேடையில் வைத்துக்கொண்டு அவர் படத்தையே திருட்டுத்தனமாகப் போட்டால் சங்கடம் அவருக்குத்தான்.

தியேட்டரில் திரையிடுவதாக இருந்தால் டி.சி.பி. (தியேட்டர் சர்வரில் ஓடும் டிஜிட்டல் படக் கோப்பு) கேட்பார்கள். அது பூட்டிய கோப்பாக வந்தால் திறக்க கே.டி.எம். என்ற சாவி வேண்டும். குறிப்பிட்ட சர்வருக்கு, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும்தான் அந்தச் சாவி வேலை செய்யும். காட்சியை 10.30லிருந்து மாலைக்கு மாற்றினால் சாவி செத்துப்போயிருக்கலாம். அதனால் நேரத்தைச் சற்றுத் தாராளமாகக் கேட்டு வாங்குங்கள், முதல் நாளே ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். கல்லூரி அரங்கம் என்றால் நல்ல தரத்தில் ஒரு எம்.பி.4 போதும், அதையும் இரண்டு பென் டிரைவில் வையுங்கள்.

தணிக்கைச் சான்றிதழ் இன்னொரு விஷயம். வெளியான படங்களுக்கு அது இருக்கும். குறும்படங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் பெரும்பாலும் இருக்காது. 1952ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டப்படி பொதுக் காட்சிக்குச் சான்றிதழ் வேண்டும். விழாக்கள் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். படப் பட்டியல், கதைச்சுருக்கம், படங்களைப் பார்த்துத் தேர்ந்த குழுவின் விவரம் எல்லாம் இணைக்க வேண்டியிருக்கும். விழாவுக்கு முந்தைய வாரம் ஓடினால் நடக்காது, படப் பட்டியல் முடிவான அன்றே அனுப்பிவிடுங்கள். "யூடியூப்ல இருக்கு சார், அப்புறம் என்ன" என்று குறும்படக்காரர் சொல்வார். யூடியூப்பில் இருப்பது சான்றிதழ் ஆகாது.

5. பணம்

வெட்கப்படாமல் பேச வேண்டிய இடம். "நல்ல காரியம்தானே, பணம் கேட்க மாட்டார்" என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். பிரபல இயக்குநருக்கு உங்கள் பத்தாயிரம் பெரிதில்லைதான். ஆனால் ஒரு உதவி எடிட்டர் உங்களுக்காக இரண்டு நாள் பேட்டாவை இழந்து வருகிறார். மதிப்பூதியம் தர முடியாதென்றால் முதல் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டும் வருபவர்கள் இருக்கிறார்கள். வந்த பிறகு உறையில் என்ன இருக்கிறது என்று அவரும், கொடுக்காவிட்டால் என்ன நினைப்பாரோ என்று நீங்களும் தவிப்பதற்கு அது மேல்.

சென்னையிலிருந்து வரும் ஒருவருக்கு எங்கள் பக்கம் தோராயமாக ஆகும் செலவு: ரயில் இரண்டடுக்கு ஏ.சி. போகவர மூவாயிரம் ரூபாயைச் சுற்றி, ஓட்டல் அறை ஒரு நாளுக்கு இரண்டாயிரம் முதல் மூவாயிரத்து ஐந்நூறு வரை, உள்ளூர்க் கார் ஒரு நாளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, சாப்பாடு. மதிப்பூதியம் இல்லாமலே பத்தாயிரத்தைத் தொடும். விமானம் என்றால் தூத்துக்குடி வாகைக்குளம் வரை டிக்கெட், அங்கிருந்து கார். விமானக் கட்டணம் கடைசி வாரத்தில் தாறுமாறாக ஏறும். நடிகர், நடிகை என்றால் உதவியாளர், ஒப்பனையாளர் என்று கூட இருவர் வருவார்கள். எத்தனை பேர் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வரி விஷயம். தொழில்முறைக் கட்டணத்துக்கு 10 சதவீதம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இது 194ஜே பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேறு, ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடிகர் மட்டுமல்ல, ஒளிப்பதிவாளர், எடிட்டர், இசையமைப்பாளர், வசனம் எழுதுபவர், உடை வடிவமைப்பாளர் வரை எல்லோரும் இதற்குள் வருவார்கள். ஒரே ஆளுக்கு ஒரு நிதியாண்டில் நீங்கள் தரும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடிக்க வேண்டும். 2025 ஏப்ரலுக்கு முன் அந்த வரம்பு 30,000. பெரும்பாலான ஊர் விழாக்களுக்கு இந்தத் தொல்லை வராது. வந்தால், விழா நடத்தும் உங்கள் சங்கத்துக்கு டான் எண் (வரி பிடிப்பவருக்கான பதிவு எண்) வேண்டும், பிடித்த வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், மார்ச் மாதத்தில் பிடித்தது மட்டும் ஏப்ரல் 30 வரை. விருந்தினர் பான் எண் தராவிட்டால் 20 சதவீதம். டிக்கெட்டை நீங்களே எடுத்துக் கொடுங்கள். பயணம், தங்கல், ஊதியம் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக அவர் பில் போட்டால் மொத்தத்துக்கும் வரி கணக்காகும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் பில் கொடுத்தால் மேலே 18 சதவீதம் ஏறும், ஆகவே "வரி சேர்த்தா, சேர்க்காமலா" என்று முன்பே கேளுங்கள்.

கல்லூரி பணம் தருகிறது என்றால் அது தனிக்கதை. கணக்குப் பிரிவு கேட்கும் காகிதங்கள் இவை: அழைப்புக் கடித நகல், விருந்தினர் ஒப்புதல் கடிதம், பான் அட்டை நகல், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம் அல்லது கேன்சல் செய்த காசோலை, கையெழுத்திட்ட ரசீது, அசல் பயணச்சீட்டு. 5,000 ரூபாய்க்கு மேல் ரசீது என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்து வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தபால் நிலையம் மூடியிருக்கும், நான்கைந்து ஸ்டாம்பை முன்பே வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காகிதங்களில் ஒன்று குறைந்தாலும் பணம் மாதக்கணக்கில் நிற்கும், "என்ன தம்பி ஆச்சு" என்ற செய்தி உங்களுக்குத்தான் வரும். முடிந்தால் சங்கத்தின் கணக்கிலிருந்து அன்றே கொடுத்துவிட்டு, கல்லூரியிடமிருந்து பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்.

6. பயணமும் தங்கலும்

பெயரை ஆதாரில் உள்ளபடி கேட்டு வாங்குங்கள். திரையில் தெரியும் பெயர் வேறு, அடையாள அட்டைப் பெயர் வேறு. விமான நிலைய வாசலில் இது பெரிய தகராறு ஆகும். ரயில் டிக்கெட்டில் ஒரு விருந்தினருக்குப் பதிலாக இன்னொரு விருந்தினரை அனுப்ப முடியாது. கீழ்ப் படுக்கை வேண்டுமா என்று கேளுங்கள், அறுபதைத் தாண்டியவர்களுக்குக் கேட்காமலே போடுங்கள்.

நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் இறங்கிவிடுவார். பத்தரை மணி நிகழ்ச்சிக்குக் காலை ரயிலில் வரச் சொன்னால் குளித்துச் சாப்பிட நேரம் போதாது, ரயில் தாமதமானால் அதுவும் போச்சு. முதல் நாளே வரவழைத்துவிடுங்கள். நிலையத்துக்குப் போகும் பையன், விருந்தினர் செய்த வேலையைப் பற்றி இரண்டு வரியாவது தெரிந்தவனாக இருக்கட்டும். ஓட்டலுக்குள் கூட்டமாகப் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். இருட்டுக்கடை அல்வாவை ஊருக்குப் போகும்போது கொடுங்கள், வந்ததும் கொடுத்தால் பையில் கசியும்.

7. அழைப்பிதழ், பேனர், மேடை

யார் பெயர் மேலே, யார் கீழே, யாருக்கு எந்த அளவு எழுத்து. இதில் கெடும் உறவு வேறெதிலும் கெடாது. விருந்தினர்களை நிகழ்ச்சி நேர வரிசையில் போடுவதுதான் பாதுகாப்பானது, "நேர வரிசை" என்று காட்டிவிடலாம். அழைப்பிதழை அச்சடிக்கும் முன் ஒவ்வொருவருக்கும் அவர் பெயர் வரும் பகுதியைப் படமெடுத்து அனுப்பி "சரி" வாங்குங்கள். சம்மதிக்காதவர் பெயரை "வந்துவிடுவார்" என்ற நம்பிக்கையில் போடுவது அடுத்த வருடக் கதவையும் சேர்த்து அடைக்கும். பேனர் வைக்க உள்ளாட்சி அனுமதி வேண்டும், அனுமதி இல்லாமல் சாலையில் வைத்துவிட்டு விருந்தினர் முகத்தோடு செய்தியில் வராதீர்கள்.

மேடையில் வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை என்று உள்ளூர்ப் பெரியவர்களை அடுக்கினால், முந்நூறு மைல் தாண்டி வந்தவருக்குக் கடைசியில் பத்து நிமிடம்தான் மிஞ்சும். அதிலும் பொன்னாடை. நன்கொடை தந்தவர் எல்லாம் ஆளுக்கொன்று போர்த்தி, போட்டோ எடுத்து, கைகுலுக்கி இறங்குவதற்குள் அரங்கில் பாதிப்பேர் டீ குடிக்கப் போயிருப்பார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே மரியாதை, ஒரு புத்தகம், ஒருவர் கையால் என்று குழுவில் முன்பே தீர்மானம் போட்டுவிடுங்கள். நன்கொடையாளரை விருந்தினரோடு மதியச் சாப்பாட்டில் உட்கார வைத்தால் அவருக்கும் திருப்தி. வாழை இலைக்கு எதிரே உட்கார்ந்து பேசுவதை மேடையில் பேச முடியுமா?

முகம் தெரிந்த நடிகர் வருவதாக இருந்தால் காவல் நிலையத்துக்கு ஒரு வாரம் முன்பே எழுத்தில் தகவல் கொடுங்கள், அரங்கின் பின்வாசல் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். திறந்தவெளி என்றால் ஒலிபெருக்கி அனுமதியும் வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் கிடையாது.

8. உரையாடல்

நெறியாளர் படத்தைப் பார்த்தவராக இருக்க வேண்டும். சொல்லவே தேவையில்லை என்று தோன்றும், ஆனால் பார்க்காமல் வந்து "இந்தப் படத்தில் நீங்கள் சொல்ல வருவது என்ன" என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் மூன்று கேள்விகளை அவர் கையில் வைத்திருக்கட்டும், அதற்குள் கூட்டம் சூடாகிவிடும்.

கார்ட்லெஸ் மைக் இரண்டு வேண்டும், ஒன்று அரங்கின் இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். மைக்கைக் கேட்பவர் கையில் கொடுக்காதீர்கள். தன்னார்வலரே பிடித்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தால், கேள்வி என்று எழுந்தவர் 1970களில் தான் பார்த்த படத்திலிருந்து தொடங்குவார், வாங்கவே முடியாது. தன்னார்வலர் பிடித்திருந்தால் ஒரு நிமிடத்தில் மெதுவாக நகர்த்திவிடலாம். புது பேட்டரி நான்கு மேடைக்குப் பின்னால் இருக்கட்டும்.

பயிலரங்கு எடுப்பவரிடம் என்ன கருவி வேண்டும் என்று பத்து நாளுக்கு முன் கேளுங்கள். ஒளிப்பதிவாளருக்கு இருட்டாக்கக்கூடிய அறை, எடிட்டருக்கு அவர் லேப்டாப்பைத் திரையில் காட்ட எச்.டி.எம்.ஐ. கேபிளும் மாற்று இணைப்பானும், ஒலிக்காரருக்கு இரைச்சலில்லாத அறையும் உருப்படியான ஸ்பீக்கரும். சுவரில் சுழலும் பழைய மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் காலடிச் சத்தத்தைக் கேட்கவே முடியும்.

9. வெளிநாட்டிலிருந்து வருபவர்

முதல் வருடம் வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்தோ டொரண்டோவிலிருந்தோ ஒரு தமிழ் இயக்குநரை அழைக்க ஆசை இருக்கும்தான். சுற்றுலா விசாவில் வந்து பணம் வாங்கிக்கொண்டு மேடையில் பேசினால் மாட்டுவது அவர். கருத்தரங்குக்கென்று தனி விசா உண்டு, அதற்கு உங்கள் அழைப்புக் கடிதமும் அனுமதிகளும் தேவைப்படும், மாதக்கணக்கில் நேரம் வேண்டும். வெளிநாட்டவருக்குத் தரும் ஊதியத்துக்கு அந்த 50,000 வரம்பும் கிடையாது, ஆடிட்டர் இல்லாமல் அனுப்பாதீர்கள். தங்கும் ஓட்டல் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும், நம் ஊர்ச் சிறு லாட்ஜுகள் பலவும் அந்த வேலைக்குப் பயந்து அறையே தராது. இணையவழியில் இணைத்துப் பேச வையுங்கள். நேர வித்தியாசத்தை மட்டும் பாருங்கள், நம் மாலை ஆறரை மணி டொரண்டோவில் காலை.

10. விழா முடிந்த மறுநாள்

நன்றிச் செய்தியோடு இரண்டு நல்ல படங்களை அனுப்புங்கள், இருபது வேண்டாம். பாக்கிப் பணம் இருந்தால் அன்றே. டி.டி.எஸ். பிடித்திருந்தால் காலாண்டுக் கணக்கு தாக்கல் செய்த பிறகு வரி பிடித்ததற்கான சான்றிதழை அனுப்ப வேண்டும். அவர் கேட்டு நீங்கள் தேடும் நிலை வரக்கூடாது.

பேச்சைப் பதிவு செய்திருந்தால், யூடியூப்பில் ஏற்றுமுன் அவருக்கு இணைப்பை அனுப்பிக் கேளுங்கள். அரங்குக்குள் நூறு பேரை நம்பி ஒரு நடிகரைப் பற்றியோ தயாரிப்பாளரைப் பற்றியோ சொன்ன ஒரு வரி, வெளியே போனால் அவருக்கு அடுத்த படம் போய்விடலாம். ஒப்புதலை முதல் கடிதத்திலேயே வாங்கியிருந்தாலும் கேளுங்கள். நடுவில் காட்டிய படத் துண்டுகளையும் பாடலையும் வெட்டிவிட்டு ஏற்றுங்கள், இல்லாவிட்டால் காப்புரிமைப் புகாரில் வீடியோ முழுவதும் முடங்கும். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் ஏற்ற வேண்டாம், ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும்.